பதினைந்து ஆம்பியர் பிடிவாதம்

கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களை உடனே வேலையில் சேர்க்கக் கூடாது. ஆறு மாதமாவது ஆறப்போட வேண்டும். என்னை யாரும் ஆறப்போடவில்லை. செங்கல்பட்டில் ஒரு மின் ஒப்பந்தக்காரரிடம் சுடச்சுடச் சேர்ந்துவிட்டேன்.

முதல் பொறுப்பு, மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரையோரம் ரஹ்மத் அக்கா புதிதாகக் கட்டிய இறால் குஞ்சுப் பண்ணை. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இறால் செத்துவிடும். எல்லா மோட்டாரையும் கூட்டி, நாளைய தேவைக்கும் கொஞ்சம் சேர்த்து, 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் என்று கணக்குப் போட்டேன். அது சரியான கணக்கு (அதையாவது சொல்லிக்கொள்கிறேன்). முழுச் சுமையிலும், மின்சாரம் உள்ளே வரும் உயரழுத்தப் பக்கம் பதிமூன்று ஆம்பியர்தான் இழுக்கும். ஆகவே பதினைந்தைத் தாண்டினால் அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டித்து விழும்படி பிரேக்கரை வைத்தேன். பாதுகாப்பு என்றால் இதுதான் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஸ்விட்ச் போட்டோம். ஒரு உறுமல், உடனே 'டப்'. பிரேக்கர் விழுந்துவிட்டது. மூன்று முறை போட்டும் அதே கதை.

டிரான்ஸ்பார்மர் உள்ளே ஷார்ட் என்று தீர்ப்பு வழங்கினேன்.

ரஹ்மத் அக்கா அதிர்ந்து பேசாதவர். "நல்லா பாத்தியாம்மா? நாளான்னிக்கு தாய் இறால் வண்டி வருது. ஜெனரேட்டரும் இன்னும் வர்ல," என்றார்.

"என் கணக்கு தப்பாதுக்கா."

கிரேன் வந்தது. டிரான்ஸ்பார்மர் லாரியில் ஏறியது. நான் டிரைவர் பக்கத்தில், குற்றவாளியைக் கூட்டிப்போகும் போலீஸ்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அதைச் செய்த தொழிற்சாலை வரை போனேன்.

அங்கே சோதனைப் பிரிவில் இருந்தவள் கலைவாணி. கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. பரீட்சைக்கு முந்தின நாள் என்னிடம் பாடம் கேட்பவள். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, டிரான்ஸ்பார்மருக்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகு பிரேக்கரில் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த டிரான்ஸ்பார்மர் ஸ்விட்ச் போட்ட ஒடனே நூறு ஆம்பியருக்கு மேல இழுத்துட்டு அப்பால அடங்கும்டி. அந்த மொத இழுப்ப பிரேக்கர் கண்டுக்கக் கூடாது. இத எனக்கு சொல்லிக் குடுத்ததே நீதான்."

(பூமி பிளக்கவில்லை. லாரிதான் காத்திருந்தது.)

திரும்பும் வழியில், ரிப்பேர் முடிந்ததா என்று டிரைவர் கேட்டார். முடிந்தது என்றேன். ரிப்பேர் ஆனது யார் என்று சொல்லவில்லை.

ரஹ்மத் அக்காவிடம் மட்டும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

"பொருள் நல்லா கீதுல்ல? அப்ப மாட்டும்மா. அழுறத அப்பால வச்சிக்கலாம்," என்றார்.

மறுநாள் சாயங்காலம், முதல் இழுப்பைப் பொறுத்துக்கொண்டு நிஜமான ஷார்ட்டுக்கு மட்டும் உடனே விழும்படி பிரேக்கரை மாற்றி வைத்து ஸ்விட்ச் போட்டோம். உறுமல் வந்தது. 'டப்' வரவில்லை. தொட்டி தொட்டியாகக் குமிழிகள் எழுந்தன. அக்கா சொன்னபடி அதற்குப் பிறகுதான் அழுதேன்.

விடிந்ததும் தாய் இறால்கள் வந்தன, பிழைத்தன. ரஹ்மத் அக்கா தன் இரண்டாவது பண்ணைக்கும் என்னையே கூப்பிட்டார். இப்போது கலைவாணியும் நானும் சேர்ந்து செங்கல்பட்டில் சொந்தமாகத் தொழில் செய்கிறோம். ஆனாலும், நான் வெளியே போயிருக்கும்போது வீட்டுக்கு யாராவது தேடி வந்தால் என் அம்மா இன்றைக்கும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அவளா? டிரான்ஸ்பார்மருக்கு ஊர சுத்திக் காட்டப் போய்க்கீறா."