பொங்காத பால்

அன்று காலை பைலட் ஒரு சபதத்தோடு எழுந்தார். மூக்கு ஒழுகட்டும், தொண்டை கட்டட்டும், தலை இரண்டாகப் பிளக்கட்டும். லீவு மட்டும் போடுவதில்லை. நர்ஸுகள் மூன்று பேரை டியூட்டிக்குக் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த தெருக்காரர் தன் காரோடு வந்து நிற்பார். வந்து நின்றவர் அப்புறம் நகரமாட்டார்.

பைலட் ஓட்டுவது வாடகைக் கார்தான். அதை ஓட்டும் வேகத்துக்காகத் தெரு வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

காபியோடு ஒரு ஜலதோஷ மாத்திரை போட்டார். மூக்கு மசியவில்லை. அலமாரியில் போன மழைக்கு வாங்கிய சிரப் இருந்தது. மூடியில் அளக்க யாருக்குப் பொறுமை? அண்ணாந்து இரண்டு மடக்கு விட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்க் காரைப் பின்னால் எடுத்தார்.

கண்ணாடியில் தெரு காலியாகத்தான் தெரிந்தது. திடீரென்று யாரோ அலறினார்கள். பிரேக்கை மிதித்தார். மிதிக்க நினைத்ததற்கும் கால் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவே ஏதோ ஒரு இடைவெளி. தெருக் கூட்டும் அம்மா விளக்குமாற்றோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான்.

"கண்ணு தெரியலையாப்பா?"

பைலட்டுக்கு வாய் உலர்ந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கலாம் என்று மேலே வந்தார். வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் மாத்திரை அட்டை, ஒரு கையில் சிரப் பாட்டில்.

"ரெண்டையும் சாப்பிட்டீங்களா?"

"மாத்திரை மூக்குக்கு, சிரப் தொண்டைக்கு. அது வேற டிபார்ட்மென்ட், இது வேற டிபார்ட்மென்ட்."

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"இது புது ஃபேஷன்."

அவள் மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். அட்டையில் இருந்ததை வாசித்தாள், பாட்டிலில் இருந்ததையும் வாசித்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"பேருதான் வேறம்மா, உள்ள இருக்கிறது ஒண்ணுதான். ரெண்டுலயும் காய்ச்சல் மருந்து இருக்கு. அளவு மீறினா ஈரலைக் கெடுத்துடும். ரெண்டுலயும் தூக்கம் வர்ற மருந்தும் இருக்கு. இன்னைக்கு வேற எந்த ஜலதோஷ மருந்தும் தொட வேண்டாம். படபடப்போ வாந்தியோ வந்தா நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவரு வண்டி எதுவும் ஓட்டலையே?"

மனைவி பைலட்டைப் பார்த்தாள்.

"எனக்கா தூக்கம்?" போன் வைத்ததும் பைலட் பாய்ந்தார். "ஜலதோஷம்கிறது ஒரு தோஷமா? மூக்குத்தான் அடைச்சிருக்கு. கண்ணா அடைச்சிருக்கு?"

"நான் ஓட்டிட்டுப் போறேங்க. லைசென்ஸ் இருக்கு."

"தெருமுனை வரைக்கும்னா ஓட்டு. பாலத்து இறக்கத்துல லாரி வரிசையா வரும். நீ தாங்கமாட்டே. சாவி என் பாக்கெட்ல இருக்கு, என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"சரி, கிளம்புங்க. இன்னும் நேரம் இருக்கு, அதுக்குள்ள ஒரு உதவி. பாலை அடுப்புல வச்சிருக்கேன். பொங்காம பாத்துக்குங்க. நான் புடவை மாத்திட்டு வந்துடறேன். ஒரு பாலைப் பாத்துக்க முடியும்னா ரோட்டையும் பாத்துக்க முடியும். அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

இவ்வளவு சுலபமான பரீட்சையை பைலட் வாழ்க்கையில் எழுதியதில்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். பாத்திரத்தை முறைத்தார். பால் வெள்ளையாக இருந்தது. அசையாமல் இருந்தது. பனி மூடிய ரோடு மாதிரி நீண்டுகொண்டே போனது. இமைகள் கனத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை அகல விரித்தார். விடமாட்டேன். ஒரு துளி வழியவிடமாட்டேன். ஒரே ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினார்.

திறந்தபோது மனைவி எதிரே நின்றிருந்தாள். புடவை மாற்றி, தலை வாரி, தோளில் பையோடு.

பைலட் அவசரமாகப் பாத்திரத்தைப் பார்த்தார். நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. பால் அப்படியே இருந்தது.

"பாத்தியா? கண்ணை எடுக்கலையே நான். பொங்கிச்சா?"

"எப்படிங்க பொங்கும்? நான் அடுப்பையே பத்த வைக்கலை."

பைலட் குனிந்து பார்த்தார். பாத்திரத்துக்கு அடியில் நெருப்பு இல்லை. விரலை விட்டுப் பார்த்தார். பிரிட்ஜிலிருந்து எடுத்த பால், ஜில்லென்று இருந்தது.

"உங்க முன்னாடியே ரெண்டு தரம் நடந்தேன். பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன்." அவள் பால் பாத்திரத்தை எடுத்து பிரிட்ஜில் வைத்தாள். "அந்தம்மா சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னதை ஜன்னல்லருந்து பாத்தேங்க."

பைலட் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். சாவி அங்கே இல்லை; அவள் விரலில் தொங்கியது.

"எதிர் வீட்டு அக்காகிட்டச் சொல்லியிருக்கேன், அப்பப்ப எட்டிப் பாப்பாங்க. படுங்க."

அவர் ஜன்னலில் நின்று பார்த்தார். கார் மெதுவாக, இருபுறமும் பார்த்து, தெருவில் இறங்கியது. அவள் திரும்பி வரும்வரை கண்ணை மூடுவதில்லை என்று நினைத்துக்கொண்டார். பாலத்து இறக்கமும் லாரிகளும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. பயத்தில் எப்படித் தூங்குவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மத்தியானம் போன் எழுப்பியது. மூத்த நர்ஸ்.

"அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?"

"தேவலாம்மா. அவ நல்லபடியா வந்தாளா?"

"அண்ணி அப்பவே எங்களை இறக்கிவிட்டுட்டுக் கிளம்பிட்டாங்களே."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பைலட்டுக்கு மூச்சு வந்தது. கூடவே பழைய மிடுக்கும் வந்தது.

"நாளைக்கு நானே வந்துடறேன். கவலைப்படாதீங்க."

அந்தப் பக்கம் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அவசரமில்லண்ணே. இனிமே அண்ணியே வரட்டுமே."

"ஏம்மா, என் ஓட்டத்துல என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்குத்தான் நாங்க மூணு பேரும் வழியில தூங்கிக்கிட்டே போனோம்."