கடலுக்குக் காப்பு கட்டிய ஜாகா

மலேசியாவில் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கடல் ஜாகாவைவிட அதிகமாக மீன் குழம்பு சாப்பிட்ட மனிதர் பிறந்ததில்லை. அதே மீன்களுக்காக அவரைவிட அதிகமாகச் சண்டை போட்டவரும் பிறந்ததில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஜாகா என்றால் எங்கள் பக்கத்தில் காவல்காரர். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளுக்குக் காவல் இருந்தவர். தோட்டத்து லயத்து வீடுகளை இடித்து எங்களையெல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகு, செண்டாயானில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் இருந்தார். அங்கேயும் வயதாகிவிட்டது என்று அனுப்பியதும் மனிதருக்குக் கை கால் ஓடவில்லை. என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் காரைக் காவல் காக்க ஆரம்பித்தார். என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், "எங்கம்மா போற? எத்தன மணிக்குத் திரும்பி வருவ?" என்று விசாரணை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கிறதாம். நான் பார்த்ததில்லை.

மனைவியை இழந்தவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பு என்றால் தலை அவருக்கு. இது எழுதப்படாத சட்டம். அவர் ஒரு மீன் தலையைச் சாப்பிட்டு முடித்தால் அதில் எறும்புக்குக்கூட வேலை இருக்காது. எங்கள் வீட்டுப் பூனை சில மாதம் பொறுத்துப் பார்த்தது, பிறகு வெறுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

இப்படி இருந்தவரைக் கெடுத்தது எங்கள் கோயில் இளைஞர் அணி. பையன்கள் கிழக்குக் கரையில் ஒரு தீவுக்குச் சுற்றுலா போனார்கள். கடல் பூங்கா என்று அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கிற தீவு. செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்க ஜாகாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோயில் செயலாளர் என்ற முறையில் நானும் போனேன். யாரோ ஒருவன் குறும்புக்கு ஜாகாவுக்கு மிதவைச் சட்டையை மாட்டி, நீச்சல் கண்ணாடியைப் போட்டு, வாயில் குழாயைச் செருகி, "சும்மா மூஞ்ச மட்டும் தண்ணில வைங்கண்ணே" என்றான். வைத்தவர்தான். எடுக்கவே இல்லை. படகுக்காரர் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன், சாப்பாடு வந்துவிட்டது என்றுகூடச் சொன்னோம். கடைசியில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத்தான் படகில் போட்டோம்.

"செயலாளரே, உள்ள ஒரு தோட்டமே இருக்குலா!" என்று கத்தினார். கண்ணாடிக்குள் கண்ணீரா கடல் தண்ணீரா தெரியவில்லை. "மரம் மாதிரி பவளம், கொடி மாதிரி பவளம், அதுல மீனு குடும்பம் குடும்பமா லயத்து வீட்ல இருக்கற மாதிரி இருக்கு! இதுக்கு ஜாகா யாரு?"

அரசாங்கம்தான் என்று படகுக்காரர் சொன்னார். இங்கே மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தை உடைக்கக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது, அதனால்தான் இப்படி இருக்கிறது என்றார். நம்ம பக்கத்துக் கடற்கரையான போர்ட்டிக்சனில் பவளம் இருக்கிறதா என்று ஜாகா கேட்டார். இருக்கிறது, பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை என்று அந்த மனிதர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை இல்லாத காவல்காரரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அடுத்த சனிக்கிழமை முதல் ஜாகாவின் மோட்டார் சைக்கிள் போர்ட்டிக்சனுக்கு ஓடியது. அவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. மிதவைச் சட்டைக்கு மேல் குழந்தைகளின் வாத்து வளையத்தையும் மாட்டிக்கொண்டு குப்புற மிதப்பார். எங்கள் கடல் பெரும்பாலான நாளில் தே தாரிக் என்கிற பால் தேநீர் நிறத்தில்தான் இருக்கும். தெளிகிற நாள்வரை மனிதர் பொறுமையாக மிதந்தார். ஒருநாள் கரையில் ஒரு மலாய்க்கார அம்மா "மாயாட்! மாயாட்!" என்று பிணத்தைக் கண்டதுபோல் அலற, பொம்பா வண்டி மணியடித்துக்கொண்டு வர, தீயணைப்பு வீரர்கள் நீந்திப்போய் அவரைப் புரட்டிப் போட்டார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்து திட்டியது. "ஏன்லா என்னைத் திருப்புறீங்க? நண்டு ஒண்ணு பழைய ஓட்ட விட்டுட்டுப் புது ஓட்டுக்கு வீடு மாறிக்கிட்டு இருக்கு! நடுவுல வந்து கெடுத்துட்டீங்களே!"

பவளப்பாறைமேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் தொழிற்சாலைக் காலத்து விசிலை ஊதுவார். மீன் தொட்டியில் வைக்க ஒரு குடும்பம் பவளத் துண்டை எடுத்துப்போனபோது, கார் நிறுத்துமிடத்து வாசலில் கையை நீட்டி நின்றுகொண்டு, "காரோட பின்பக்கத்தத் தொறங்க" என்றார். அந்தக் குரலுக்கு அவர்களும் திறந்துவிட்டார்கள். நீ யார் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது எங்கள் கோயில் தலைவரைச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், பெரிய குரல், அதைவிடப் பெரிய வயிறு. அந்தக் கடற்கரையில் உல்லாசப் படகுகள் ஓட்டுகிறார். படகுகள் நங்கூரம் போடுவது சரியாக ஜாகா காவல் காக்கிற பவளப்பாறையின் தலைமேல். அந்தச் சமயம் பார்த்து, இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்க அரசாங்க இலாகா ஒரு கூட்டம் அறிவித்தது. படகுக்காரர்கள் எல்லாரும் தலைவர் சொல்கிற பக்கம்தான் நிற்பார்கள். தலைவர் ஒத்துக்கொண்டால் பாறை பிழைக்கும், எதிர்த்தால் அவ்வளவுதான்.

"கடல மூடிட்டா நாங்க எங்கய்யா படகு வுடறது? தொறந்து கெடக்கற கடலுக்கு வேலி எதுக்கு?" என்று கோயில் மண்டபத்தில் தலைவர் முழங்கினார்.

"கடலயா மூடறாங்க? ஒரு மூலைய வுடச் சொல்றாங்க. மீனு குஞ்சு பொரிக்கற எடம் தலைவரே அது. தோட்டத்து நர்சரில போயி கன்னப் புடுங்கி அடுப்பெரிப்பீங்களா?" என்றார் ஜாகா.

"யோவ், நீ என் படகப் பாத்துப் பேசுற!"

"இல்ல, ஒங்க நங்கூரத்தப் பாத்துப் பேசறேன்!"

மாதக் கணக்கில் இதே பாட்டு. தலைவர் மசியவில்லை. அதற்குள் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டது.

எங்கள் கோயில் இன்னும் பழைய தோட்டத்தில்தான் இருக்கிறது. திருவிழா தொடங்கும்போது தோட்டத்தின் நாலு எல்லையிலும் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை முடிந்து காப்புக் கட்டுவோம். கட்டுகிறவர் கையிலும் பூசாரி ஒரு காப்புக் கட்டிவிடுவார். கட்டியாகிவிட்டால் எல்லைக்குள் ஓர் உயிரை வெட்டக் கூடாது, கவுச்சி சமைக்கக் கூடாது, கல்யாணம் காட்சி எதுவும் கூடாது. நாலையும் அவிழ்த்தால்தான் திருவிழா முடிந்ததாகக் கணக்கு. பூசாரிக்கு முழங்கால் வலி என்பதால் எல்லையில் கட்டும் வேலை பல வருஷமாக ஜாகாவுடையது. அந்த வருஷம் நாலாவது எல்லைக்கல் ஒரு புதுத் தொழிற்சாலையின் வேலிக்குள் போய்விட்டது. அங்கிருந்த காவல்காரர் உள்ளே விடவில்லை. இன்னொரு ஜாகாவின் வார்த்தையை மீறுவாரா நம் ஆள்? சலாம் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை கரகத்துக்குக் கடல் தண்ணீர் எடுக்கத் தலைவரின் படகிலேயே போர்ட்டிக்சன் கடலுக்குள் போனோம். ஜாகா வழக்கம்போல் வாத்து வளையத்துடன் குப்புற மிதந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

திருவிழா சிறப்பாக நடந்தது. கடைசி நாள் பூசாரி கேட்டார், "நாலு காப்பும் அவுத்தாச்சா?"

"மூணு அவுத்தாச்சு. நாலாவது கடல்ல இருக்கு. அத அவுக்க மாட்டேன்" என்றார் ஜாகா.

மேளம் நின்றுவிட்டது. பவளப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மிதவை இருக்கிறது, அதன் கயிற்றில், தண்ணீருக்கு அடியில் கட்டியிருந்தாராம். யோசித்துப் பாருங்கள். பெடாஸிலிருந்து போர்ட்டிக்சன் கடல்வரை மாரியம்மனின் எல்லை. லிங்கி ஆறு, நெடுஞ்சாலை, நட்சத்திர ஹோட்டல்கள், ராணுவ முகாம் எல்லாம் காப்புக்குள்!

"வெளையாடறியா நீ? ஞாயித்துக்கெழம என் மகனுக்கு நிச்சயம். பிரியாணிக்கு ஆடு சொல்லியாச்சு!" தலைவருக்குக் குரல் கீச்சிட்டது.

"ஆடு பாவம், இருக்கட்டுமே தலைவரே."

அந்த வாரம் நாங்கள் பட்ட பாட்டை என்ன சொல்வேன்! தாமான் முழுக்கச் சாம்பார் வாசம். கோழிக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு துண்டு கருவாடாவது சுடு என்று மனைவியிடம் கெஞ்சினேன். "செயலாளர் வீட்ல கருவாட்டு வாசம் வந்தா ஊரு காறித் துப்பாதா? பேசாம ரசத்த ஊத்திக்குங்க" என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தலைவர் பொறுமை இழந்து, கத்தியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். பூசாரி, ஜாகா, நான் மூவரும் கூடவே. "வெட்டக் கூடாது. கையால அவுக்கணும். தலைவரே அவுத்தாலும் ஆத்தா ஒத்துக்குவா" என்றார் பூசாரி. ஜாகா தன் கண்ணாடியைக் கழற்றித் தலைவருக்கு மாட்டிவிட்டார். வாத்து வளையம் தலைவரின் தோளுக்கு மேல் இறங்கவில்லை. அப்படியே பிடித்து இறக்கினோம்.

அன்று கடல் தெளிந்திருந்தது. அது ஆத்தா செயல் என்று பூசாரி இன்றைக்கும் சொல்வார். தலைவர் முகத்தைத் தண்ணீரில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய முதுகு அசையாமல் மிதந்தது. எனக்குப் பயமே வந்துவிட்டது.

ஒருவழியாகத் தலையைத் தூக்கினார். "அங்க வெள்ளையா, எலும்பு ஒடிச்சுப் போட்ட மாதிரி ஒரு எடம் கெடக்கே, என்னது அது?"

"ஒங்க நங்கூரம் விழற எடம்."

தலைவர் மிதவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஏன்யா இத மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனே. நீங்க தண்ணிக்கு மேல இருந்தே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"அவுக்க வேணாம்" என்றார் தலைவர். என்றவர் முகம் உடனே வாடியது. "சரி, அப்ப பிரியாணி?"

பூசாரி ஆத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "கடல்ல இருக்கற காப்பு, கட்டுனவன் கையில இருக்கற காப்போட சேந்தது. அத அவுக்கற வரைக்கும் இவன் ஒருத்தன் விரதம் இருந்தாப் போதும். ஊருக்கு விட்டுடலாம்."

"எத்தன நாளைக்கு?" என்றேன் நான்.

"காப்பு இருக்கற வரைக்கும்."

ஜாகா தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எங்கள் வீட்டு மண்சட்டி, குழம்பு, மீன் தலை எல்லாம் போய்வந்தது எனக்குத் தெரியும். "செயலாளரே, ஒங்க வீட்ல வாழக்கா இருக்குமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்தில் நாங்கள் பிரியாணி சாப்பிட்டோம். அவர் தயிர் சாதம் சாப்பிட்டார். இலாகா கூட்டத்தில் தலைவர் எழுந்து, பாதுகாக்கத்தான் வேண்டும் என்று தன் பெரிய குரலில் சொன்னபோது, அவர் பின்னால் எல்லாப் படகுக்காரர்களும் கை தூக்கினார்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி மிதவைகள் வந்தன. நங்கூரம் போடாமல் படகை அவற்றில்தான் கட்டுகிறார்கள். அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தைத் தொடக் கூடாது. எல்லைக்கு வெளியே வலை போடும் மலாய் மீனவர் ஒருவர், வலையில் மீன் விழுவது முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று சந்தோஷப்பட்டு, ஜாகாவுக்கு நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்தனுப்புகிறார். ஜாகா அதை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்.

"நீங்க சாப்புடுங்க. வாசத்துக்கு விரதம் இல்ல" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வார். அவருக்காக என் மனைவி வாழைக்காயை மீன் துண்டு மாதிரியே நறுக்கித் தனிச்சட்டியில் குழம்பு வைப்பாள். பக்கத்து வீட்டுக்குக் குடிபோன எங்கள் பூனை திரும்பி வந்துவிட்டது. மீன் தலை இப்போது அதற்கு.

போன ஞாயிறு அவர் கையிலிருந்த காப்பு இற்றுப்போய் ஓர் இழையில் தொங்கியது. அறுந்துவிட்டால் விரதம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். என் மனைவி எழுந்தாள். சாமி அறைக்குப் போய் மஞ்சள் கயிறு கொண்டுவந்து, பழைய இழைக்கு மேலேயே இறுக்கிக் கட்டிவிட்டாள். நான் என் தட்டிலிருந்த மீனைத் தள்ளிவைத்துவிட்டு, எனக்கும் ஒரு கரண்டி வாழைக்காய்க் குழம்பு ஊற்றச் சொன்னேன்.