ஏழு வரியும் மனப்பாடம்

அன்புள்ள தம்பிக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். நானும் அப்படியே இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் கடிதமே நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது என்பதால், முதல் வரியிலேயே இன்னொன்றைச் சேர்க்க மனம் வரவில்லை. படித்ததும் கிழித்துவிடு. முக்கியமாக, என் மருமகள் காதுக்கு இதில் ஒரு சொல்கூடப் போகக் கூடாது.

இடது கண் போனது உனக்குத் தெரியும். போன வருடம் வலது கண்ணுக்கும் அதே வியாதி வந்தது. கண்ணின் உள்ளே ஒரு திரை இருக்கிறதாம், அதன் நடுவில் வேண்டாத ரத்தக் குழாய் முளைத்துக் கசிகிறதாம், வயதானால் சிலருக்கு இப்படி வருமாம். அதை அடக்க மாதம் ஓர் ஊசி. கையில் இல்லை, இடுப்பில் இல்லை, நேரே கண்ணிலேயே. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையை ஒரு கம்பியால் விரித்து வைத்து, "அசையாதீங்கம்மா" என்பார்கள். அசைவேனா நான்? முதல் ஆறு ஊசியும் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் குளியலறைக் கதவின் நிலை வளைந்துவிட்டது. நிலைதான் வளைந்தது என்று சத்தியமாக நினைத்தேன். தச்சரைக் கூப்பிட்டேன். அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "அம்மா, நேராத்தான் இருக்கு" என்றார். "ஏம்ப்பா, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று கேட்டேன். நான் கேட்டேன் தம்பி, அவரைப் பார்த்து நான்! பாவம், பெரியவள் சொல்கிறாளே என்று மூன்று முறை இழைத்தார். இப்போது அந்தக் கதவு தாழ்ப்பாள் வரைக்கும் எட்டுவதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே என்று உன் மருமகப்பிள்ளை, அதாவது என் மகன், குளித்து முடிக்கிற வரை பாடுகிறான். அவன் குரல் உனக்குத் தெரியும். அடுத்த வீட்டில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

வளைந்தது நிலை இல்லை, என் கண் என்று அந்த வாரமே புரிந்தது. எப்படி என்றால், சுவரில் மாட்டிய காலண்டரும் வளைந்தது, ஜன்னல் கம்பியும் வளைந்தது, கடைசியில் என் மகன் கல்யாணத்தன்று எடுத்த படத்தில் எல்லாரும் நெளிந்தார்கள். இதை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் உன் அக்கா மோசம் போனாள். ஊசிக்கு முன்னால் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பார்கள், ஏழு வரி. அன்றைக்கு மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். நர்ஸ், "பரவாயில்லம்மா, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த மருமகள் "ப்ச்" என்றாள். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்றாலும், அந்த ஐந்து வருடமும் முதல் ஆளாக வந்தவள் நான். உனக்கே தெரியும். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது உன் முதுகுக்குப் பின்னால் நின்று விடை சொன்னது யார்? பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் உனக்கு வராது. அப்படிப்பட்டவளைப் பார்த்துத் தெரிஞ்சத மட்டும் சொல்லச் சொன்னால்?

பலகை இருக்கிற அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. கதவைச் சாத்த மாட்டார்கள். எனக்கு முன்னால் போகிறவர்கள் சத்தமாகப் படிப்பது தெளிவாகக் கேட்கும். அடுத்த தடவை முன்கூட்டியே போய் உட்கார்ந்தேன். ஐந்து பேர் படித்து முடிப்பதற்குள் ஏழு வரியும், முப்பத்தோரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். உள்ளே போய்க் கடகடவென்று ஒப்பித்தேன். ஒப்பிக்கும்போது பலகை இருந்த இடத்தில் சாம்பல் பூசினது போல ஒரு பொட்டு, அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான் தெரிந்தது. "சூப்பர்மா!" என்றாள் நர்ஸ். நான் பின்னால் திரும்பி மருமகளைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

இப்படியே நாலு தடவை. இப்போது டாக்டரம்மா குழம்பிப்போய்விட்டார். போன புதன்கிழமை சொன்னார்: "ஸ்கேன்ல பாத்தா, கண்ணுக்குள்ள கசிஞ்ச தண்ணி அப்படியே நிக்குது. இந்த மருந்து இனிமே கேக்காது போல. வேற மருந்துக்கு மாத்தலாம்னு பாத்தா, நீங்க கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்க. இவ்ளோ நல்லாத் தெரியற கண்ணுல எதுக்கும்மா அவசரப்படணும்?" என்று சொல்லி அடுத்த ஊசியையே மூன்று மாதம் தள்ளிவிட்டார். அதோடு விட்டாரா? பயிற்சி டாக்டர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, "இந்தக் கண்ண நல்லாப் பாத்துக்குங்க, ஆச்சரியமான கண்ணு" என்றார். நாலு பேரும் வரிசையாக வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பெரிய டாக்டர்கள் கூடுகிற கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசப் போகிறாராம். இனி எந்த வாயால் நான் உண்மையைச் சொல்வது?

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வேறு யாருக்காகவோ கேட்பது போல அந்த நர்ஸிடம் கேட்டேன். "தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா தழும்பாயிடும்மா. தழும்பானா எந்த மருந்தும் கேக்காது" என்றாள். இடது கண் அப்படித்தான் போனது. நேற்று பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எதிரே நின்றாள். நேரே பார்த்தால் முகம் இல்லை. இரண்டு ஜடை தெரிகிறது, இரண்டு காது தெரிகிறது, நடுவில் அந்தச் சாம்பல். கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்தால்தான் ஓரத்தில் கன்னம் மாதிரி ஏதோ வருகிறது. "பாட்டி, ஏன் என்னைப் பாக்காம செவத்தப் பாத்துப் பேசறீங்க? எம்மேல கோவமா?" என்று கேட்டது குழந்தை. பல் விழுந்திருக்கிறதாம் அதற்கு. எந்தப் பல் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. இனி தெரியவும் போவதில்லை என்று தோன்றுகிறது. தட்டில் இருப்பதும் தெரியவில்லை, தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன், மருமகள் ஒரு சொல் சொல்லாமல் துடைக்கிறாள். அவள் திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். அழுத்தக்காரி. அவளோடு போய் டாக்டரம்மா முன்னால் தலைகுனிந்து நிற்பதைவிடக் குருடியாகவே இருந்துவிடலாம் என்று இருக்கிறது.

அதனால் நீ வா. ஊரில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வா. யாருக்கும் தெரியாமல் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ. என் பின்னால் நின்று நீ சொல்லிவிடு, எனக்கு வாய் வராது. அந்தக் காலத்தில் நான் உனக்குச் சொன்னேன் இல்லையா?

நீயும் உன் குடும்பமும் கண்ணும் கருத்துமாக, முக்கியமாகக் கண்ணோடு, நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே இருப்பதை எல்லாம் முதலில் நானே என் கையால் எழுதினேன். உறையில் முகவரி எழுத மகனிடம் கொடுத்தேன். "அம்மா, இது கடுதாசியா, மீன் வலையா? எல்லா வரியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஒரு வரிகூடப் படிக்க முடியாதாம். வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? "நீங்க சொல்லுங்க அத்தை, நான் எழுதறேன்" என்று வந்து உட்கார்ந்தாள். அவளைப் பற்றிய இடங்களை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் எழுதும்போதே எல்லாம் மனப்பாடமாகியிருந்தது, மனப்பாடமானதை நடுவில் விட்டால் எனக்கு மீதி வராது. முழுவதும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "ப்ச்" வரைக்கும், "அழுத்தக்காரி" வரைக்கும் எழுதினாள். பேத்தி கேட்ட இடத்தில் மட்டும், "ஒரு நிமிஷம் அத்தை" என்று எழுந்து போய் வந்தாள். முடித்ததும், "பெஞ்சுல உக்காந்து வாய அசைச்சுக்கிட்டே இருப்பீங்களே, சாமி கும்பிடறீங்கன்னுல்ல நெனச்சேன்! எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொல்லியிருக்கேன்" என்றாள். சிரித்தாளா அழுதாளா, முகம் தெரிந்தால்தானே சொல்ல முடியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டாள். நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு மருந்து உண்டாம், கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். அதற்கு முன்னால் வேறு ஒரு பலகையைப் படிக்க வைப்பார்களாம். "அதுல என்ன எழுத்தும்மா இருக்கும்?" என்று கேட்டேன். "தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்" என்றாள். ஆகவே நீ வர வேண்டியதில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாகப் படிக்காமல் பரீட்சைக்குப் போகிறேன்.