பொடி தின்னும் பல்லியும் பட்டுச்சேலைக் கடையும்

நான் பல்லியை விலை கொடுத்து வாங்கியவன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று, அடுப்படி ஜன்னலில் குடும்பத்தோடு ஒன்று என்று பல்லிகள் கேட்பாரில்லாமல் குடியிருக்கும் திருச்சுழியில், வெளியூரில் சொல்லிவைத்து ஒரு பல்லியை வரவழைத்த ஒரே மனிதன் அநேகமாக நான்தான்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க அடுத்தவர் பட்டா, அடுத்தவர் வாரிசுச் சான்று. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்கும். வேலிக்கருவை தன் நிழலைக்கூடத் தானே வைத்துக்கொண்டு நிற்கும். எனக்கோ மனசு ஓரிடத்தில் உட்காராது. ஆறு மாதத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். புல்லாங்குழல், தேனீப் பெட்டி, மாடியில் திராட்சைக் கொடி. (திராட்சை காய்த்தது. ஒன்று.) அந்த வருடம் பல்லி. குரைக்காது, முடி உதிர்க்காது. கூப்பிட்டால் வராது என்பது முன்பே தெரிந்ததால் வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் மனைவி ராணி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“என்னத்தையும் வளத்துத் தொலைங்க. ஆனா உசுரோட பூச்சியப் புடிச்சு டப்பாவுல அடைச்சு, அதை இதுக்குத் திங்கக் குடுக்கிற சோலி என் வீட்டுல ஆகாது. ஒரு வெட்டுக்கிளி அடுப்படிப் பக்கம் துள்ளுச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

“அப்ப பல்லி வேணாங்கிறியா?”

“பல்லிய யாரு சொன்னா? அது திங்கிறதத்தான் சொல்றேன்.”

தேடத் தொடங்கினேன். நம் ஊர் உடும்பைப் பிடித்து அடைத்தால் வனத்துறை நம்மைப் பிடித்து அடைக்கும். இகுவானா கீரைதான் தின்னும், தங்கமான பிள்ளை; ஆனால் வளர்ந்தால் ஆறடி. எங்கள் கட்டிலே ஆறேகால் அடிதான். தாடி டிராகன் என்று ஒன்று. அது குட்டியாக இருக்கும்போது பூச்சி இல்லாமல் ஆகாது. நீலநாக்கு அரணை முட்டை தின்னும், பழம் தின்னும் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். ‘அரணை’ என்ற சொல்லைக் கேட்டதுமே ராணி எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் அகப்பட்டது கொண்டைப் பல்லி. கண்ணுக்கு மேலே இமைமுடி வைத்ததுபோல முள்வரிசை. உள்ளங்கையில் அடங்கும். சாப்பாடு? பழப்பொடி! தண்ணீரில் குழைத்துச் சின்ன மூடியில் வைத்தால் நக்கிக்கொள்ளும். உயிருள்ள பூச்சியே தேவையில்லை. முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை சம்பளத்தைச் சொல்லும் தரகர் மாதிரி இதையெல்லாம் ராணியிடம் உரக்க வாசித்தேன்.

ஒரே ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. பல்லி என்றால் வெயிலுக்குப் பிறந்தது என்று நினைத்துவிட்டேன். உச்சி வெயிலில் பாறைமேல் தலையாட்டும் ஓணானைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பல்லி மார்கழியில் வந்தது. அந்த வரியை நான் வாசித்தது பங்குனியில். ‘இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து.’

எங்கள் ஊரில் பங்குனியில் இருபத்தெட்டு டிகிரி என்பது ஏ.டி.எம். அறைக்குள் மட்டும் விளையும் பொருள்.

வீட்டில் இருந்த ஒரே ஏசி படுக்கையறையில். பல்லி தன் கண்ணாடிப் பெட்டியோடு அங்கே குடியேறியது. (என் புத்தக அலமாரி வராந்தாவுக்குப் போனது.) சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குப் பல்லி வாயைத் திறந்தது. ஈரத்துணி போட்டேன், விசிறினேன். அது கண்ணாடியில் ஒட்டவும் தெம்பில்லாமல் அடியில் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்ற ராணி சட்டென்று தன் டிபன் பாக்ஸை எடுத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டாள்.

“வண்டிய எடுங்க. டவுனுல ஏசிக் கடை இல்லையா என்ன?”

ஈரத்துண்டு சுற்றிய டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார, அருப்புக்கோட்டை வரை அனல் காற்றில் பறந்தோம். ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடை. கதவைத் திறந்ததும் முகத்தில் மோதிய அந்தக் குளிரில் நானே கொஞ்ச நேரம் பல்லியாக இருக்கலாமா என்று யோசித்தேன்.

சும்மா நிற்க முடியாதே. பட்டுச்சேலைப் பிரிவில் போய் உட்கார்ந்தோம். எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தும் ராணி ஒவ்வொன்றாக விரிக்கச் சொன்னாள். “அந்த மாம்பழக் கலரு. அதுக்கு அடியில உள்ளது. முந்தியக் காட்டுமா.” பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டார், பந்தல்குடிக்காரர்கள், முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக மணப்பெண்ணின் தாய்மாமன். வழுக்கைத் தலை, தோளில் துண்டு.

மூச்சு முட்டுமே என்று மூடியைக் கொஞ்சம் நெம்பினேன். செத்துக் கிடப்பதுபோல் கிடந்த பல்லி குளிர் பட்டதும் உயிர்த்தெழுந்து பாய்ந்தது. முதல் பாய்ச்சல் மாம்பழக் கலர் முந்தியில். இரண்டாவது தாய்மாமன் உச்சந்தலையில்.

ஓர் அத்தை அலறினார். “அய்யய்யோ, தலையில பல்லி! கலகமாச்சே!” இன்னொரு அம்மாள் செல்போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து உறுதிப்படுத்தினார்: “தலை, கலகம்னுதான் போட்டுருக்கு.” மணப்பெண்ணின் முகம் வெளுத்தது. கடைக்காரப் பெண் விளக்குமாற்றை ஓங்கினாள்.

அடி விழுந்தால் பல்லி சட்னி. வாயைத் திறந்தால் என் மானம் சட்னி.

“அடிக்காதீக! அது என் பல்லி!”

ஓங்கிய விளக்குமாறு அந்தரத்தில் நின்றது. தாய்மாமன் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பினார்.

“ஒங்க பல்லியா?”

“ஆமா அண்ணாச்சி. வாங்குனது.”

“பல்லிய வாங்குனீகளா? எங்க வீட்டுல வந்து கேட்டிருந்தா சாக்குல அள்ளிக் குடுத்திருப்பேனே!”

கல்லாவில் இருந்தவர் வரை சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. (அந்த ஏசியிலும்.) பாய்ந்து பல்லியைப் பிடித்தேன். பயத்தில் அது வாலைக் கழற்றிவிட்டது. வால் துள்ளித் துள்ளி அவர் வலது தோளில் விழுந்து அங்கேயே ஆடியது. அத்தை இரண்டாம் முறை அலறத் தயாரானார்.

அப்போதுதான் ராணி எழுந்தாள். அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கும் குரல் அவளுடையது.

“அக்கா, சும்மா கத்தாதீக. மொதல்ல, இது பூச்சி புழு திங்கிற பல்லி இல்ல. பழப்பொடி நக்குற சைவப் பல்லி. இதுக்கெல்லாம் பஞ்சாங்கத்துல கணக்கு கெடையாது. அப்படியே இருக்குன்னாலும், இப்ப வாலு எங்க விழுந்துருக்கு? தோளுக்கு என்ன போட்டுருக்குன்னு பாருங்க.”

செல்போன் அம்மாள் தேடினார். “தோளு… வெற்றி.”

“வலதா, எடதா?” என்றார் தாய்மாமன், தீர்ப்புக்குக் காத்திருப்பவர் குரலில்.

“ரெண்டுக்குமே வெற்றிதான் மாமா.”

“அப்ப துள்ளட்டும், தட்டிவிடாதீக” என்று அவர் அசையாமல் நின்றார். வால் தானாக அடங்கும்வரை முகூர்த்தப் பட்டு வாங்க வந்த கூட்டம் முழுவதும் கையைக் கட்டி நின்றது. ஐந்து மணிவரை எங்களை அங்கிருந்து நகரவிடவில்லை. டிபன் பாக்ஸுக்குக் காவலாக மணப்பெண்ணே உட்கார்ந்தாள்.

பல்லி பிழைத்தது. கொண்டைப் பல்லிக்கு வால் போனால் திரும்ப முளைக்காதாம். (இந்த வரியையும் நான் பிறகுதான் வாசித்தேன்.)

ஒரு மாதத்தில் தாய்மாமனின் வரப்புத் தகராறு வழக்கு, வருஷக்கணக்கில் இழுத்தது, அவர் பக்கம் தீர்ந்தது. அன்றிலிருந்து தாலுகா ஆபீசில் எந்த வேலை என்றாலும் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். படுக்கையறையில் ஏசிக்கு நேரே நாற்காலி போட்டு, சட்டைக் காலரை விலக்கி, வலது தோளைப் பெட்டிக்கு நேராகக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவார். மொட்டைவால் பல்லி ஒரு தடவைகூட அசைந்ததில்லை. ராணி டீயைக் கையில் கொடுத்துச் சொல்வாள்:

“இன்னைக்கு அவுகளுக்கு மனசு வரல போல அண்ணே. அடுத்த வாரம் வாங்க.”

உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் இப்போது அந்தப் பேச்சு பழகிவிட்டது. போனில் கூப்பிட்டதும், “அவுக சாப்பிட்டாகளா? அவுக அறையில கரண்டு இருக்கா?” என்று விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் பல்லி ‘அவுக’. நான் இன்னும் ‘அந்தாளு’தான்.