குளக்கட்டுப் பங்கும் புல்லு வெட்டும் மெசினும்

பாலசிங்கம் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. கமக்காரர் சங்கக் கூட்டத்தில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ குனிந்து கதிரையை நிமிர்த்துவதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

எல்லாம் சிவக்கொழுந்து சொன்ன ஒரு வசனத்தால் வந்தது. "பாலசிங்கத்தாருக்கு அந்தப் பங்கு ஏலாது" என்றார் அந்த மனுசன், நாற்பது பேருக்கு முன்னால். அதற்கு மேலும் அங்கே குந்தியிருக்க பாலசிங்கம் என்ன மரக்கட்டையா?

பங்கு என்றால் குளக்கட்டுப் பங்கு. சின்னப்பாலைக்குளத்தின் கீழ் வயல் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் குளக்கட்டில் ஒரு துண்டு உண்டு. அதிலுள்ள புல்லையும் பற்றையையும் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். வெட்டாதவனின் வயலுக்கு வாய்க்கால் திறக்கமாட்டார்கள். முகாமில் கிடந்து ஊர் திரும்பியபின் விதைக்கப்போகும் முதல் போகம் இது. நிவாரண அரிசியும் நின்றுவிட்டது. தண்ணீர் வராவிட்டால் விதைநெல்லை அவித்துத் தின்னவேண்டியதுதான்.

இதில் பாலசிங்கத்தின் பங்கு கட்டிலேயே செங்குத்தான சரிவு. சிவக்கொழுந்தின் பங்கோ குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் வான் பக்கம், கல்லுப் பதித்த துண்டு. அங்கே புல் முளைப்பதென்றால் அது கோயிலுக்கு நேர்த்தி வைத்துத்தான் முளைக்கவேண்டும். அப்பன் காலத்திலிருந்து இதே அநியாயம். இப்போது பாலசிங்கத்தின் முதுகில் சண்டைக்காலத்தில் பட்ட ஒரு செல் துண்டும் குடியிருக்கிறது. குனிந்து கத்தி வீசினால் அது உள்ளே இருந்து கூப்பிடும்.

"ஏலாதாம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். "காட்டுறன்."

மறுநாள் விடிந்ததும் பால் மாட்டையும் கன்றையும் விற்றார். மனைவி வசந்தமலர் அன்றைக்கு வெறும் தேத்தண்ணியை அவர் முன்னால் சற்றே சத்தமாக வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி, பாலம் கடந்து பள்ளிமுனைக்குப் போனார்.

அங்கே எமில் என்பவன் பழைய வள்ள எஞ்சின்கள் வாங்கி விற்பவன். அவன் வளவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மெசின் நின்றது. எந்த நாட்டில், எவர் வளவில் புல்லு வெட்டியதோ தெரியாது. ஆள் ஏறி இருந்து ஓட்டலாம். டீசல் எஞ்சின். முன்னுக்குப் பெரிய சில்லு இரண்டு, பின்னுக்குச் சின்னச் சில்லு இரண்டு. வெட்டும் பெட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"முன்னுக்கே வெட்டிக்கொண்டு போகும் அண்ணை. எங்க வெட்டுறீங்கள் எண்டு கண்ணால பாக்கலாம்."

"சரிவில ஓடுமோ?"

எமில் சுற்றிவரப் பார்த்தான். மன்னார்த்தீவில் சரிவைத் தேடுவதும் மொட்டையில் பேன் தேடுவதும் ஒன்றுதான். கடைசியில் கடற்கரையில் வள்ளம் இழுத்து ஏற்றும் இறக்கத்தில் மெசினை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டினான். முழங்கால் உயரம் வரும். பாலசிங்கம் தலையாட்டினார். கோபத்தில் இருப்பவனுக்கு முழங்காலும் மலைதான்.

செவ்வாய்க்கிழமை மெசின் குளக்கட்டில் நின்றது. ஊரில் பாதிப்பேரும் நின்றார்கள். சிவக்கொழுந்தும் கையில் கத்தியுடன் வந்து நின்றார்.

"பாலசிங்கம், நான் சொல்லுறதை ஒருக்காக் கேளும்."

"நீர் அண்டைக்குச் சொன்னதே காணும்" என்று பாலசிங்கம் எஞ்சினை முடுக்கினார். மிச்சப் பேச்சு சத்தத்தில் போய்விட்டது.

எமில் ஒரு விசயத்தைச் சொல்ல மறந்திருந்தான். அந்த மெசின் திரும்புவது பின்சில்லால். மேட்டுப் பக்கம் ஒடித்தால் முன்பக்கம் மேட்டைப் பார்க்கும். பின்பக்கம் பள்ளத்துக்குத் துள்ளும். பாலசிங்கம் ஒடித்தார். மெசின் பிட்டத்தை ஆட்டிக்கொண்டு பின்னுக்கு வழுக்கிப் போய், கட்டின் அடியிலிருந்த சேற்று வாய்க்காலில் குந்தியது. ஊர் சிரித்தது. சிவக்கொழுந்து சிரிக்காமல் தன் உழவு மெசினைக் கொண்டுவரப் போனார். பாலசிங்கத்துக்கு அதுதான் இன்னும் எரிந்தது. சிரித்தாலாவது நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

உழவு மெசினைத் திருப்பி அனுப்பிவிட்டு, தெரியாத ஆட்கள் எட்டுப் பேரைப் பிடித்து இழுப்பித்தார்.

புதன்கிழமை வழுக்காமலிருக்க மெசினைக் கட்டின் மேலிருந்த பாலைமரத்தோடு கயிற்றால் பிணைத்தார். வழுக்கவில்லைதான். கயிறு விட்ட அளவுக்கு அரைவட்டமாக ஓடி, கட்டிவைத்த ஆடு மேய்ந்ததுபோல் ஒரு பிறைத் துண்டை வெட்டிவிட்டு, திரும்பித் திரும்பி அதே இடத்துக்கு வந்தது. மூன்றாம் சுற்றில் கயிற்றையே வெட்டிக்கொண்டு மறுபடி வாய்க்காலுக்குப் போனது.

பாரம் காணாது என்று முடிவெடுத்தார். பாரத்துக்கா ஊரில் பஞ்சம்? பழைய பங்கர்களில் மண்மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ஆறைத் தூக்கி மேட்டுப் பக்கமாகக் கட்டினார். உக்கிப்போன மூட்டைகள் பத்து யார் தூரம் போவதற்குள் பிய்ந்தன. மண் முழுவதும் வெட்டும் பெட்டிக்குள் கொட்டுப்பட்டு, பெல்ற் அறுந்து, அலகு மழுங்கி, எஞ்சினிலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது.

எமிலுக்குப் போன் எடுத்தார். வள்ள எஞ்சின் பெல்ற் ஒன்று பொருந்தும் என்று அவன் கொடுத்தனுப்பினான். பொருந்தியது. ஆனால் இப்போது அந்தப் பெட்டி புல்லை விட்டுவிட்டுக் கல்லை அள்ளி எறியத் தொடங்கியது. ஒரு கல் நேரே போய், குளம் திருத்தியதற்காக நட்டிருந்த புத்தம்புதுப் பெயர்ப்பலகையில் ஓட்டை போட்டது. சனம் ஓடியது. சிவக்கொழுந்து மட்டும் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தார்.

"விடும் பாலசிங்கம். மிச்சத்தை நான் வெட்டுறன்."

"என்ர பங்கில உம்மட கத்தி பட்டுதெண்டால், பேந்து நான் மனுசனா இருக்கமாட்டன்."

அந்த மனுசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பாலசிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம் வசந்தமலர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, அந்தாள் வீட்டுவாசல் வரைக்கும் ரெண்டுதரம் வந்திட்டுப் போகுது. என்னெண்டுதான் ஒருக்காக் கேளுங்கோவன்."

"அந்தாளின்ர கதை இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். வசந்தமலர் அதைச் சொல்லவில்லை. எண்ணெயைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

வியாழக்கிழமை மெசின் அடியோடு நின்றுபோனது. பாலசிங்கம் அதற்கு ஒரு உதை கொடுத்தார், கால்விரல் வீங்கியது. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். ஒரு வீச்சுக்கு ஒரு முனகல். உள்ளே இருந்த செல் துண்டு கூப்பிட்டது. அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு பற்றையும் சிவக்கொழுந்தின் குடுமியாகத் தெரிந்தது. இத்தனைக்கும் அந்த மனுசனின் தலை வழுக்கை. வெயில் ஏறி, வெயில் இறங்கி, கடைசிப் புல் விழுந்தபோது அவரால் நிமிர முடியவில்லை. வசந்தமலர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கச் செயலாளர் தனுசியா பங்குப் புத்தகத்துடன் வந்தாள். கூட்டத்தில் எல்லாவற்றையும் எழுதியவள் அவள்தான். கட்டு நெடுகிலும் சனம் நின்றது. சிவக்கொழுந்து ஒதுங்கிப் பாலைமரத்தடியில் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பாலசிங்கம் பாதி வளைந்தபடியே முன்னால் போனார். சரிவு சவரம் செய்த கன்னமாக மின்னியது.

"பாத்தியா பிள்ளை? எனக்கு ஏலாதாம். நல்லாப் பார். இப்ப இதையும் எழுது. சிவக்கொழுந்து எத்தினை வருசமா அந்தக் கல்லுத் துண்டில கையக் கட்டிக்கொண்டு நிக்கிறார்? இந்தமுறையாவது அந்தாளின்ர தலையில ஒரு சரிவைக் கட்டு. அதில இறங்கி வெட்டினாத்தான் அவருக்கு என்ர முதுகு நோ தெரியும்."

தனுசியா புத்தகத்தைப் பார்த்தாள், வெட்டிய சரிவைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, இது இப்ப அவரின்ர பங்குதானே. நீங்கள் எழும்பிப் போய், கூட்டமும் கலைஞ்ச பிறகு, உங்கட முதுகோட இந்தச் சரிவு ஏலாதெண்டு சொல்லி, தன்ர கல்லுத் துண்டை உங்கட பேரில மாத்தி எழுதச் சொன்னவரே அவர்தான்."