வாங்கி மாஸ்டரின் மெழுகுக்கட்டி

திருகோணமலையில் நேவிக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். ஷெல்லுக்குப் பயப்படாதவர்களும் இருந்தார்கள். வாங்கி மாஸ்டருக்குப் பயப்படாதவர் ஒருவரும் இருக்கவில்லை.

மாஸ்டர் என்றால் படிப்பிக்கிறவர் இல்லை. சண்டைக் காலத்தில் நான் கிளாக்கராக இருந்த ஆஸ்பத்திரியில் இரத்தம், சலம் சோதிக்கிறவர். உடம்புக் கலங்களின், அதாவது செல்களின், மேற்பரப்பில் இருக்கிற 'வாங்கி'களைப் பற்றி ஓயாமல் கதைத்ததால் அந்தப் பேர். புதிதாக வந்த டொக்டர் ஒருவர், லஞ்சம் வாங்குகிற ஆளாக்கும் என்று ஒரு மாதம் அவரை முறைத்துக்கொண்டே திரிந்தார்.

"தம்பி, ஒவ்வொரு கலத்துக்கும் வெளியில கதவு மாதிரி வாங்கி இருக்கு. 'வளர்' எண்டு செய்தி வந்தா, அதுதான் வாங்கி உள்ளுக்கு அனுப்புறது. சில புற்றுநோயில இது அளவுக்கு மிஞ்சி முளைச்சிடும். அந்தக் கதவைப் பொத்திப் பிடிச்சா, கலம் என்னெண்டு வளரும்? சொல்லுங்கோ!"

யாரும் சொல்லமாட்டார்கள். அதற்குள் ஓடியிருப்பார்கள். ஒருமுறை துறைமுகப் பக்கம் குண்டு வெடித்து, ஊரடங்கு போட்டு, ஏழு பேர் ஆய்வுகூடத்தில் அவரோடு அகப்பட்டோம். மூன்றாவது மணித்தியாலத்தில் மருந்து கலக்கிற நூர் நானா எழும்பினார்.

"மாஸ்டர், வெளியில சுட்டாலும் ஒரேயடியா முடிஞ்சிரும். நான் போறன்."

நானும் ஓடினவன்தான். அக்காவுக்கு மார்பில் கட்டி வரும்வரைக்கும்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. எந்த மருந்து பிடிக்கும் என்று அறிய, வெட்டியெடுத்த கட்டியில் வாங்கிகளைச் சோதிக்கவேண்டும், அது கொழும்பில்தான் ஏலும் என்றார் டொக்டர். றோட்டு ஒருநாள் திறக்கும், மூன்று நாள் பூட்டும். தபாலை நம்ப ஏலாது. மாஸ்டர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டியின் துண்டு பதித்த மெழுகுக்கட்டியைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

"வாங்கோ தம்பி, நாங்களே கொண்டுபோவம்."

கந்தளாய்க்கு முன்னால் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்த ஆமிக்காரன் மெழுகை முகர்ந்து பார்த்தான். துவக்குக் குழல் எங்கள் பக்கம் நிமிர்ந்தது. அதிகாரி ஓடிவந்தார்.

"இது என்ன? வெடிமருந்து?"

நான் இரண்டு கையையும் தூக்கினேன். மாஸ்டருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. காவலை விட்டு ஓட முடியாத ஒரு ஆள் கடைசியில் அகப்பட்டுவிட்டார் அல்லவா!

"சேர், இது வெடியாது. இதுக்குள்ள ஒரு பொம்பிளையின்ர உயிர் இருக்கு. நில்லுங்கோ, முதலில இருந்து சொல்லுறன்."

தடியெடுத்து மண்ணில் பெரிய வட்டம் கீறினார். வட்டத்தைச் சுற்றிக் கதவுகள் கீறினார். பாதி சிங்களம், பாதி தமிழ். பத்து நிமிசம், இருபது நிமிசம், உச்சி வெயில். அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"போங்க ஐயா! பெட்டியும் எடுத்துப் போங்க!"

"இன்னும் முடியேல்லையே, சேர்..."

நான்தான் அவரை இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினேன்.

கொழும்பில் கொடுத்துவிட்டு வந்து சில கிழமைகளில் முடிவு வந்தது. மேற்பரப்பு வாங்கி அக்காவின் கட்டியில் மிஞ்சி இருக்கவில்லை. கலத்துக்கு உள்ளே இருக்கிற ஹோர்மோன் வாங்கிதான் இருந்தது. அதற்குக் குளிசை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. மேற்பரப்பு வாங்கிக்கான ஊசியை அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கண்ணாலும் காண முடியாது. காலமெல்லாம் மேற்பரப்பே கதியென்று கிடந்த மனிதர், அது இல்லை என்ற கடதாசியோடு சைக்கிளில் இரைக்க இரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இல்லையாம் தங்கச்சி! நல்ல காலம், இல்லையாம்!"

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அக்கா ஓடவில்லை. கன்னத்தில் கைவைத்தபடி முழுவதையும் கேட்டாள்.

"மாஸ்டர், வாங்கியள் வெளியில இருக்கும் எண்டுதானே சொல்லுறனீங்கள். இது மட்டும் என்னெண்டு உள்ளுக்குள்ள போய் இருக்குது?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்தார்.

"இத்தனை வருசமாக் கதைக்கிறன் தங்கச்சி. ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பதில் சொல்ல வந்தார். அக்கா சனிக்கிழமையே அடுத்த கேள்வியை யோசித்து வைத்துவிடுவாள். டொக்டர் சொன்ன ஐந்து வருசத்தில் குளிசைகள் முடிந்தன. கேள்விகளை மட்டும் அக்கா முடியவிடவில்லை.