விழுவதற்கு ஒரு பாதுகாப்பான இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் நலம். அப்பாவைக் கேட்டால் "நலம்னு யாரு சோதிச்சது?" என்பார், ஆகவே அவரைக் கேட்காமலே எழுதுகிறேன். நீயும் நலமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். போனில் சொல்லக்கூடியதைக் காகிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. உன் போன் வந்தால் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டு சமையல் மேடைமேல் வைத்துவிடுகிறாள். இது மேடையில் பேசும் விஷயம் இல்லை.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில், நடந்தது.

எனக்கு விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. சரி, சிரித்துவிட்டு வா.

நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன் என்பது உனக்குத் தெரியும். உயரமான கட்டடம், ஜன்னலை ஒட்டி என் மேஜை. ஒரு மதியம் ஜன்னல் விளிம்பில் ஒரு புறா நின்றது. பிறகு நிற்கவில்லை. குதிக்கவில்லை, பறக்கவும் இல்லை. நிற்பதை விட்டுவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் கீழே போனபிறகுதான் சிறகை விரித்தது. அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றியே பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஏழாம் வகுப்புப் புவியியலில் ஒரு முழு ஆறு தப்பான கடலில் போய்க் கலந்து, அச்சாகியும் விட்டது.

இங்கே கற்றுத்தர ஆளில்லை. வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டும். சாப்பிடும்போது சொன்னேன்.

"எதுல இருந்து குதிப்பே?" என்றாள் அம்மா.

"விமானத்துல இருந்து."

"ஏன், அது ரிப்பேரா?"

அப்பா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "எந்தெந்த இடம் பாத்து வச்சிருக்கே, காட்டு" என்றார். வேலைக்காலம் முழுக்க லிஃப்ட்டுகளைச் சோதித்த மனிதர். ஓய்வு பெற்றபிறகு சோதிக்க எதுவும் கிடைக்காமல் எங்கள் இருவரையும் சோதித்துக்கொண்டிருந்தார். நான் விலை குறைந்த ஒரு பள்ளியைக் காட்டினேன். கடற்கரை. படத்தில் வரிசையாக இளைஞர்கள், பல்லெல்லாம் தெரிய. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. பாராசூட் மடிக்கிறவன் எங்கே?"

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பாவிடம் ஒரு முறை உண்டு, உனக்கு நினைவிருக்கலாம்: ஒரு கட்டடத்துக்குப் போனால் லிஃப்ட் நல்லா ஓடுதா என்று கேட்கமாட்டார், கடைசியா எப்ப நின்னுச்சு என்றுதான் கேட்பார், நின்னதே இல்லை என்று எவனாவது சொன்னால் அந்தக் கட்டடத்தில் படிக்கட்டில்தான் ஏறுவார், அதையே இப்போது உலகத்துக்கு விரித்துவிட்டார், ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டு "உங்க இடத்துல கடைசியா என்ன தப்பு நடந்தது?" என்று கேட்கவேண்டியது, நான் அதை அவர்கள் மொழியில் சொல்லவேண்டியது, நான் கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னால் "அப்படியே சொல்லு, நைசாக்காதே" என்று முழங்கையில் இடிப்பார், கடற்கரைக்காரன் எங்ககிட்ட தப்பே நடந்ததில்லை சார் என்றான், அப்பா போனைப் பொத்திக்கொண்டு "படிக்கட்டு" என்றார், அடுத்தவர்கள் எங்களை இன்சூரன்ஸ்காரர்கள் என்று நினைத்து வக்கீலிடம் கொடுத்துவிட்டார்கள், அந்த வக்கீலிடமும் அப்பா அதே கேள்வியைக் கேட்டார், மூன்றாவது இடத்தில் பாதிக் கட்டணம்தான், ஆனால் முதல் பாராசூட் விரியாமல் இரண்டாவதைத் திறந்தால் அதைத் திரும்ப மடித்துவைக்கத் தனிக் கட்டணமாம், அம்மா வெங்காயம் உரித்தபடியே "உயிர் பொழைச்சா அபராதமா?" என்றாள், நாலாவது இடம் எல்லாவற்றிலும் தேறியது, ஆனால் அந்த மாதங்களில் அங்கே எப்போதும் மேகம், மேகம் இருந்தால் விமானம் ஏறாது, ஏறாத நாளுக்கும் அறை வாடகை ஏறும், மலிவு மலிவுன்னு போய் வானத்தைப் பாத்துக்கிட்டே சொத்தைக் கரைப்பியா என்றார் அப்பா.

ஐந்தாவதாக ஒரு பெண்மணி. பயிற்சியாளர். கரகரத்த குரல், பின்னால் ஏதோ எஞ்சின் சத்தம். கேள்வியைச் சொன்னேன். யாரையோ கூப்பிட்டு எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

பிறகு சொன்னார். போன மாதம் ஒரு மாணவன் காற்றுக்கு எதிராக இறங்காமல் காற்றோடு இறங்கி, கணுக்காலை முறித்துக்கொண்டான். தரையிலிருந்து ரேடியோவில் திருப்பச் சொல்லவேண்டியவர் இவர். தாமதமாகச் சொல்லிவிட்டார். "தப்பு என்னோடது. அதுக்கப்புறம் ரேடியோவில ரெண்டு பேரா நிக்கிறோம்."

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எனக்குப் புரியுது, நீ விடு." அவருக்குத் தெரிந்த அந்த மொழியில் பாதி வார்த்தைகள் கொக்கி, கயிறு, பூட்டு. மீதியைக் கையால் காட்டினார், போனில். நின்றுகொண்டே பேசினார். வைத்ததும், "இந்த அம்மா சரி" என்றார்.

"கால் ஒடிஞ்ச இடத்துக்கா பிள்ளையை அனுப்புறீங்க?" என்றாள் அம்மா.

"ஒடிஞ்சதைச் சொல்ற இடத்துக்கு."

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நம் வீட்டில் யாரும் ஒடிந்ததைச் சொன்னதில்லை. நீ அந்த வெளிநாட்டு வேலையை ஒப்புக்கொண்டாய், அவர் வேண்டாம் என்றார், நீ கிளம்பினாய், அவர் வாசலுக்கு வரவில்லை. நடந்தது இவ்வளவுதான். இத்தனை வருடமாக நீ பேசும்போது தப்பித்தவறி அவர் எடுத்தால் "அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்கிறார். நீயும் "சரி" என்கிறாய். யாராவது போன் போட்டு உங்க வீட்டுல கடைசியா என்ன தப்பு நடந்தது என்று கேட்டால், ஒண்ணுமில்லையே என்போம், நாலு பேரும் ஒரே குரலில்.

சாயங்காலம் அப்பா ஆரம்பித்தார்.

"கத்துக்கப் பத்து நாளாவது ஆகும். மேகம் வந்தா இன்னும் இழுக்கும். அறை எடுத்தா கட்டுப்படியாகாது." துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். "அந்தப் பக்கம் நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அம்மா அவரைப் பார்த்தாள். "இருக்கா ஒருத்தி. உங்க முகஜாடை."

"அப்படியா?" என்றார் அப்பா.

அக்கா, அவருக்குத் தெரியும். அந்தப் பெண்மணியிடம் பேசி முடிக்கும்போது, உன் தெருவிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் தெருப் பெயர் என் வாயில் இன்றுவரை நுழைந்ததில்லை. அம்மா அதை "அந்தத் தெரு" என்கிறாள். அப்பா தடுமாறவே இல்லை. தனியாகப் பலமுறை சொல்லிப் பழகிய பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தானும் வருகிறாராம். "கொக்கியெல்லாம் ஒருதரம் நேர்ல பாக்கணும். பாத்துட்டு நான்பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்குவேன்." கொக்கி பார்ப்பதற்கு மூன்று புதுச்சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே உதவி. உன் வீட்டில் எங்கள் இருவருக்கும் இடம் இருக்குமா? செலவு மிச்சம் என்பதற்காக மட்டுமே கேட்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியாதென்றால் முடியாது என்று எழுது. கோபம் உனக்கும் சொந்தமானது. அதை எப்போது இறக்கிவைப்பது என்பது உன் விருப்பம். நாங்கள் அறை எடுத்துக்கொள்வோம், அவரிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வேன். அவர் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. நீ மறுத்ததாகவும் ஆகாது.

அத்தானுக்கு என் வணக்கம். அம்மா தன் ஆசிகளோடு, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னதாகவும் எழுதச் சொன்னாள். அப்பா ஆசி எதுவும் சொல்லியனுப்பவில்லை. கதவருகே வந்து, எழுதி முடிச்சாச்சா என்று மட்டும் கேட்டார். போய்விட்டு மறுபடி வந்து கேட்டார். அதை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பெண்மணி போன் செய்தார். மழையில் ஓடுபாதை பாழாகிவிட்டதாம். இந்தப் பருவத்துக்குப் பள்ளியை மூடுகிறார்களாம். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்பாவிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குதிக்க இடமில்லைன்னா போகட்டும். படுக்க இடம் இருக்கான்னு கேளு" என்றார். நான் பேனாவை எடுத்தேன். "வேண்டாம், நானே கேக்கிறேன்" என்றார். உன் எண் அவர் போனில் இல்லை. பதிந்து கொடுத்தேன். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டால், மேலே எழுதிய எதுவும் தெரியாததுபோல இரு. முதலில் அங்கே மழையா என்றுதான் கேட்பார். இடையில் புகாதே, பேசவிடு.